வில்ஃப் ஆஷ்வொர்த் ஜெயிக்க வைத்த சீசன்

கால்பந்து அணியில் பதினோரு பேர்தான் என்று யார் உங்களுக்குச் சொன்னது? பன்னிரண்டாவதாக ஒருவர் உண்டு. பந்தை உதைத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் வெற்றியும் தோல்வியும் அவர் கையில்தான். அவர் பெயர் ராசிக்காரர்.

எல்லா ஊரிலும் விளைகிற இனம்தான். அதில் இங்கிலாந்தின் லங்காஷயர் மழையிலும் ஆலைப் புகையிலும் கொழுத்து வளர்ந்த அசல் சரக்கு, ஃபார்ன்ஷா ஊர் நூல் மில்லில் வேலை பார்த்த வில்ஃப் ஆஷ்வொர்த். சனிக்கிழமை மத்தியானம் மில் சங்கு ஊதியதும் வீட்டுக்கு ஓடி, இடது காலுறையை முதலில் மாட்டி, ஆகஸ்டில் ஜெயித்த நாளிலிருந்து தண்ணீர் காணாத கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, மைதானத்தில் அதே கம்பியோரம் அதே இடத்தில் நின்று, இடைவேளை முடிந்த பிறகே இறைச்சி அடைத்த ரொட்டியைக் கடிப்பார். இவ்வளவுக்கும் பிறகு அணி தோற்றால்? மனைவி எட்னா துண்டைத் தொட்டிருப்பாள்.

1951 வசந்தத்தில் எட்னா தினமும் தொட்டிருக்க வேண்டும். ஃபார்ன்ஷா அணி அப்படித் தோற்றது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். அந்தச் சனிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, ஒரே மகள் மாவிஸுக்குத் தேவாலயத்தில் கல்யாணம்.

"ஒரு வாரம் தள்ளி வெச்சா குடியா முழுகிடும்?" என்றார் வில்ஃப்.

"மேட்ச்சைத் தள்ளி வெக்கச் சொல்லுங்களேன்" என்றாள் எட்னா.

மாவிஸ் கோபப்படவே இல்லை. "நீ மேட்ச்சுக்குப் போப்பா. நார்மன் மாமா கையப் புடிச்சுக்கிட்டு சர்ச்சுக்குள்ள நடக்குறேன்."

அவள் கத்தியிருந்தால் போயிருப்பார். கத்தாததால் கல்யாணத்துக்கு வந்தார். வாசலிலிருந்து பாதிரியார் முன்னால் போய் நிற்கும்வரை மகளின் விரல்கள் அவர் முழங்கையை இறுகப் பற்றியிருந்தன. அவ்வளவு தூரமும் ஃபார்ன்ஷா என்றொரு அணி இருப்பதே அவருக்கு நினைவில்லை. அவள் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்த பிறகுதான் சுரீரென்றது. ஐயோ, கம்பியோரம் காலியாகக் கிடக்குமே!

விருந்தில் எல்லோரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைக் கையில் எடுத்த சமயம், கம்பியோரத் தோழர் ஹெர்பர்ட் மழையில் தொப்பலாக நனைந்து ஓடி வந்தார்.

"அஞ்சுக்கு ஒண்ணு! தப்பிச்சுட்டோம்டா!"

கூடமே கூத்தாடியது. ஆட்டம் அடங்கியதும் ஹெர்பர்ட் வில்ஃபை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏண்டா வில்ஃப், இந்த சீசன்ல நீ வராத மேட்ச் இது ஒண்ணுதானே?"

"அடப்பாவி, இத்தனை நாளா தரித்திரம் நீதானா!" என்றார் நார்மன். ஒரே சிரிப்பு.

வில்ஃப் முகத்தில் ரத்தமில்லை. ஆனால் ராசிக்காரரை அவ்வளவு சுலபமாகக் கவிழ்க்க முடியுமா? கோப்பையை உயர்த்தினார்.

"பின்னே? தெரிஞ்சுதான்டா போகல. டீமுக்காகத்தான் மனசைக் கல்லாக்கிட்டு இங்க வந்து நின்னேன்!"

கைதட்டல். மாவிஸ் மட்டும் தட்டவில்லை. "அப்போ எனக்காக வரலியாப்பா?"

அவள் கையைப் பிடித்து நடந்தபோது ஃபார்ன்ஷாவையே மறந்துபோனதைச் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "கேக்கை வெட்டும்மா" என்றார். அவள் வெட்டினாள். ஒரு துண்டுகூட அவருக்கு நீட்டவில்லை.

அடுத்த சீசன் முழுக்க வில்ஃப் மைதானத்துக்கு வெளியே, சுவருக்கு முதுகைக் காட்டி மழையில் நின்றார். ஜெயித்தால் வெளியே வருகிறவர்கள் கைகுலுக்குவார்கள். தோற்றால், "திரும்பிப் பார்த்தியாடா?" என்று அதட்டுவார்கள். ஒரு கோல்கூடப் பார்க்காமல் அவ்வளவு பெருமிதத்தோடு வாழ்ந்தவர் அந்த ஊரில் வேறு யாருமில்லை. சனிக்கிழமைகளில் மாவிஸ் கணவனோடு டீ குடிக்க வந்துபோவாள். அப்பா வீட்டில் இருக்க மாட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ரேடியோவில் ஆட்டம் சூடு பிடிக்கும்போது, "எழுந்திருக்காதே, அப்படியே உட்காரு" என்று வீட்டில் யாரையும் நீங்கள் அதட்டியதில்லைதானே? இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து காலைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, மரத்துப்போயிருக்குமே? பரவாயில்லை, அசையாதீர்கள். உங்கள் அணி இப்போதுதான் ஒரு கோல் முன்னால் இருக்கிறது.