வெந்நீர்க் கிண்ணமும் என் கல்யாணமும்

பெண் கேட்கப் போன இடத்தில் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அப்படியிருக்க, நான் மட்டும் ஏன் காலமெல்லாம் கேலிக்கு ஆளாக வேண்டும்? இதுதான் என் ஆத்திரம்.

தர்ஷினியின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சென்னையிலிருந்து வந்த ஐ.டி. பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா என்று நாடி பிடித்துப் பார்க்க, ஒரு மதியம் மனைவி, மகளோடு டவுன்டவுனில் சாப்பிடலாம் என்றார். "வியட்நாம் சாப்பாடு எனக்கு அத்துப்படி அங்கிள்" என்று நானே ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். (அதுவரை சாப்பிட்டது இரண்டே முறை. இரண்டும் பார்சல்.)

ஆரம்பம் பிரமாதம். பான் மி வந்தது. "பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன ரொட்டி அங்கிள். இவங்க உள்ள புளிப்பு கேரட், மல்லித்தழை, மிளகாய் வச்சு உருப்படியாக்கிட்டாங்க." அடுத்து ஃபோ. "எலும்பை மணிக்கணக்கா கொதிக்கவச்ச சூப்ல அரிசி நூடுல்ஸ். அங்க தெருவோரத்துல காலையிலயே சாப்பிடுவாங்க. நமக்குக் கோழிதான் சொல்லியிருக்கேன்." அவர் தலையாட்டினார். தாலியே கட்டியாயிற்று என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தத் தட்டு வந்தது. வெந்த இறால், புதினா, கண்ணாடி மாதிரி வட்ட வட்டமாக அரிசித் தாள்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர்.

"முதல்ல கை கழுவிக்கணும் அங்கிள்" என்று விரலை விட்டேன். நம்மூர் ஓட்டலில் கிண்ணத்தில் வெந்நீர் வைப்பது வேறு எதற்கு? அவரும் கழுவினார், ஆன்ட்டியும் கழுவினார். அரிசித் தாளை "இவங்க ஊர் அப்பளம்" என்று கடித்தும் காட்டினேன். பிளாஸ்டிக்கைக் கடித்த மாதிரி இருந்தது. அவர் மரியாதைக்காக மென்றுகொண்டே இருந்தார்.

பரிமாறும் பெண் ஓடிவந்தாள். வேறு வெந்நீர் கொண்டுவந்து, தாளை அதில் நனைத்து, மெத்தென்று ஆனதும் இறாலை வைத்துச் சுருட்டிக் காட்டினாள்.

"அப்ப தம்பி, நாங்கள் கை கழுவினது சாப்பாட்டுத் தண்ணியிலையோ?" என்றார் அங்கிள்.

தர்ஷினி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். காலேஜ் நாளிலிருந்து அந்தக் கடையில் சாப்பிடுகிறவள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னீங்கள், எனக்கே சந்தேகம் வந்திட்டுது" என்றாள். இது நியாயமா?

அங்கிளின் முகம் இறுகியிருந்தது. எல்லாம் போயிற்று. ஆன்ட்டிதான் அங்கிளைக் காட்டி மகளிடம் வாயைத் திறந்தார். "பிள்ளை, கொப்பரும் இப்பிடித்தான். ஒண்டும் தெரியாது, எல்லாத்தையும் விளங்கப்படுத்துவார். நான் இவ்வளவு காலம் சமாளிக்கேல்லையோ? நீயும் சமாளிப்பாய், கட்டு."

கட்டிக்கொண்டோம். இப்போது நானோ மாமாவோ எதையாவது விளக்க ஆரம்பித்தால், அம்மாவும் மகளும் "கை கழுவிப்போட்டு வாறம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். பனிக்கால டயரைப் பற்றி எனக்கு உண்மையிலேயே தெரியும், கேட்பாரில்லை. மாமாவுக்கு என்னைவிட ஆத்திரம். அவரை என்னோடு சேர்த்துவிட்டார்களாம்.