பலகைச் சாமியின் மஞ்சள் வேட்டி

ஜெயகுமாரி வீட்டு வெட்டுப் பலகை ரத்தம் கக்கியது.

அன்று அவள் அதில் நறுக்கியது மஞ்சள் தடவிய மீன். மீனில் அவ்வளவு ரத்தம் கிடையாது. இருந்ததும் குழம்போடு போய்விட்டது. கவிச்சி நீங்கட்டும் என்று பலகையில் சலவை சோடாவைத் தூவித் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். மஞ்சளாக இருந்த பலகை கண்ணெதிரே சிவந்தது. விரலில் வெட்டிக்கொண்டோமோ என்று பார்த்தாள். காயம் இல்லை. கால் விரல்களையும் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

பின்னால் நின்ற நாத்தனார் சாந்தாமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். போட்ட வேகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. காரணம் சொல்கிறேன்.

ஏற்காட்டு மலையின் நாகலூர் காப்பித் தோட்டச் சரிவில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஜெயகுமாரிக்கு வலது முட்டி மடங்காது. முட்டி மடங்காதவள் தரையில் அருவாமனை முன்னால் எப்படி உட்காருவாள்? சமையலுக்கு உதவ வந்தாள் சாந்தாமேரி. நல்லவள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்த காய் பூசணிக்காய் ஒன்றே. காலையில் பூசணி, மதியம் பூசணி. இரவில் மிச்சப் பூசணி. பொறுக்க முடியாமல் எஸ்டேட் லாரி டிரைவரான கணவன் மரியஜோசப் கேஸ் அடுப்பு வாங்கினான், இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டினான், எஸ்டேட்டில் அறுத்த சில்வர் ஓக் மரத்துண்டில் ஒரு வெட்டுப் பலகையும் செய்துகொடுத்தான். ஜெயகுமாரி நின்றபடியே நறுக்கினாள். அடுப்படி மறுபடி அவள் கைக்கு வந்தது. இப்போது அந்தப் பலகை போனால் அடுப்படி போகும், பூசணி திரும்பும். அவளுடைய பயம் பேயைப் பற்றியது அல்ல.

ஊரின் பயம் பேயைப் பற்றியதுதான். ஏற்காட்டு வீடுகளுக்கு கேஸ் அடுப்பு ஏறிவந்த காலம் அது. அடுப்போடு மேடை வந்தது, மேடையோடு பலகை வந்தது, பலகையோடு பலகைச் சாமியும் வந்தார். சேலத்துப் பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சளில் தோய்த்த வேட்டி, மார்பு வரை தாடி, கையில் கிளியூர் அருவித் தீர்த்தம் நிறைந்த செம்பு. அருவியில் தண்ணீர் வற்றிப்போன மாதங்களிலும் செம்பு மட்டும் நிறைந்தே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பக்தி என்றால் அதுதானே.

வழிமுறை எளிது. உங்கள் பலகையைக் கொண்டு போக வேண்டும். சாமி அதில் தீர்த்தம் தெளிப்பார். பலகை சிவந்தால் வீட்டில் செய்வினை. பிறகு எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ப்பார். சிவப்பு மறையும், பேய் இறங்கியது. ஆனால் ஒருமுறை பேய் ஏறிய பலகை ஆகாது. அதைச் சாமியிடம் விட்டுவிட்டுப் புனிதப் பலகை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போக வேண்டும். ஏரியில் படகு சவாரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூடப் படகை மறந்து வேடிக்கை பார்க்க நின்றார்கள். வந்த பலகை எல்லாமே சிவந்தது. ஊரில் ஒரு வீடாவது தப்பியிருக்கக் கூடாதா என்றும் யாரும் கேட்கவில்லை. நமக்கு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்கும் செய்வினை என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

சாந்தாமேரி சாமியை வீட்டுக்கே அழைத்து வந்தாள். சாமி தெளித்தார், கழுவிக் காய்ந்து மஞ்சளாகியிருந்த பலகை மறுபடி சிவந்தது. கண்ணை மூடி மூக்கால் மூச்சு இழுத்தார்.

"புளியமரத்துப் பலகை. அந்த மரத்துல தூக்கு மாட்டிச் செத்தவ இன்னும் கீழ எறங்கலீங்க."

"சாமி, இது சில்வர் ஓக்குங்க. எங்க ஊட்டுக்காரரு எஸ்டேட்டுல அறுத்துட்டு வந்தது" என்றாள் ஜெயகுமாரி.

சாமியின் தாடிகூட அசையவில்லை. "ஏங் கண்ணு, அவளுக்கு மரம் மாறி ஏறத் தெரியாதா?"

தொடர்ந்து, நின்றுகொண்டு நறுக்கும் பெண்ணிடம் அன்னலட்சுமிக்குக் கோபம் என்றார். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்ததும், மாதாவுக்கும் கோபம்தான் என்று சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் சாந்தி பூசை. ஊர்ப் பலகைகளோடு இதையும் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அடுப்படி நாத்தனார் பொறுப்பு. சாந்தாமேரி அப்போதே பூசணி வாங்கக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்த கூட்டமும் கோயிலிலிருந்து வந்த கூட்டமும் தனலட்சுமியின் மளிகைக் கடை முன்னால் ஒன்றாகக் கலந்தன. மத ஒற்றுமைக்கு மாநாடு எதற்கு, ஒரு பேய் போதும். பலகைகள் குவிந்தன. முட்டி வலிக்காக ஜெயகுமாரிக்குக் கடை வாசலில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரத்தப் பேயை ஓட்ட ஆரத்தி வேண்டும் என்றார் சாமி. தனலட்சுமி தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைக் கரைத்தாள். தண்ணீர் மஞ்சளானது. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை ஒரு விரலில் தொட்டுக் கலக்கினாள். தண்ணீர் சிவந்தது. அந்தத் தட்டை எத்தனையோ கல்யாணத்தில் ஜெயகுமாரி பார்த்திருக்கிறாள். அது தயாராவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது அன்றுதான்.

"ஏனுங்க தனலட்சுமிக்கா, இந்தத் தண்ணிக்கு யாருங்க செய்வினை வச்சது?"

"என்ன பேச்சு இது? மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு பட்டா செவக்காதா? எந்த ஊட்டுலயும் அப்படித்தான்."

"அப்ப எம் பலகை மட்டும் ஏனுங்க செவக்கக் கூடாது?"

தனலட்சுமியின் விரல் தட்டிலேயே நின்றது. ஊரே நின்றது. பிறந்ததிலிருந்து பார்த்த ஆரத்தி. அதையே கையில் வைத்துக்கொண்டு, சிவப்பைப் பார்த்துப் பயந்து, சிவப்பைக் காட்டியே சிவப்பை ஓட்டப் புறப்பட்டிருந்தார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மஞ்சளில் உள்ள நிறம், சுண்ணாம்பு, சோடா, சாம்பல், சோப்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும். எலுமிச்சை, புளி போன்ற புளிப்பு பட்டால் பழையபடி மஞ்சளாகும். நம் வீட்டில் மஞ்சள் படாத பலகை ஏது? அதனால்தான் எல்லா வீட்டிலும் செய்வினை. இந்த ஏற்பாட்டில் பேய் நுழைய இடுக்கே கிடையாது.

ஜெயகுமாரி ஒரு பழைய ஆப்பிள் பெட்டியின் பலகையைக் கேட்டு வாங்கினாள். ஒரு பாதியில் மஞ்சளைத் தடவினாள், மறுபாதியைச் சும்மா விட்டாள். தீர்த்தம் தெளியுங்கள் என்று நீட்டினாள். சாமி தயங்க, கூட்டம் நெருக்க, தெளித்தார். மஞ்சள் பாதி சிவந்தது. மறுபாதி நனைந்தது, அவ்வளவுதான்.

"இது பாதிப் பேயுங்க" என்றார் சாமி.

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். பாதிப் பேய்தான் நொம்ப ஆபத்து என்றார் ஒருவர், முன்பே பார்த்தவர்போல. சோதனை தோற்றுவிடும் போலிருந்தது. ஜெயகுமாரியின் பார்வை சாமியின் மஞ்சள் வேட்டியில் விழுந்தது. அது சோப்பைப் பார்த்ததே இல்லை என்பதை எட்டி நின்றவர்களுக்கே மூக்கு சொல்லியிருந்தது. ஏன் பார்க்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. செம்பை வாங்குவதுபோல் எழுந்தாள். மடங்காத முட்டி இடறியதா, இடற விட்டாளா என்பது அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். செம்புத் தீர்த்தம் முழுவதும் சாமியின் வேட்டியில் கவிழ்ந்தது.

வேட்டி ரத்தம் கக்கியது. முழங்காலில் தொடங்கிக் கரைவரை சிவந்து இறங்கியது.

"சாமிக்கே பேய் புடிச்சிருச்சு" என்றாள் சாந்தாமேரி.

இங்கே கூட்டத்துக்கு அறிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் சாமி சொல்லிக்கொடுத்த பாடம் நன்றாக மனப்பாடமாகியிருந்தது. சிலர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் எலுமிச்சம்பழத்தை அறுத்து வேட்டியோடு சேர்த்துத் தொடையில் தேய்த்தார்கள். வேட்டி மஞ்சளானது. பேய் இறங்குகிறது என்று உற்சாகமாகி, அது மறுபடி ஏறாமலிருக்க வேப்பங்கொத்து ஒடிக்கப் போனார்கள். அடுத்து என்ன என்பது சாமிக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

"உட்டுருங்க, அடிக்காதீங்க. அது வெறும் சுண்ணாம்புத் தண்ணிங்க. நான் சாயப்பட்டறையில வேலை பாத்தவனுங்க. பேயுமில்ல, ஒண்ணுமில்ல."

உண்மையைச் சொன்ன பிறகும் இரண்டொருவர், பேய்தான் இப்படிப் பொய் சொல்கிறது என்றார்கள். சாமி அவர்கள் காலில் விழுந்து தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அவர் புனிதப் பலகை வைத்திருந்த சாக்கைக் கொட்டினார்கள், விழுந்ததெல்லாம் மற்ற ஊர்களில் வாங்கிக்கொண்ட பேய் ஏறிய பலகைகள். தனலட்சுமி வாங்கியிருந்த புனிதப் பலகையில் இருந்த வட்டத் தழும்பு, தன் வீட்டுச் சூடான சட்டி வைத்த தழும்பு என்று கிளியூர்க் கண்ணாயி அடையாளம் சொன்னாள். கிளியூர்ப் பேய் நாகலூரில் புனிதமாகியிருந்தது. அடுத்த பஸ்ஸில் சாமி மலை இறங்கிப் போனார்.

மறுநாள் ஜெயகுமாரி வீட்டு வாசலில் வரிசை. கையில் எலுமிச்சம்பழம். பலகையம்மா பார்த்துச் சொன்னால் போதுமாம். பேயைப் பற்றிக் கேட்டவர்களைத் திட்டி அனுப்பியவள், பலகையைப் பற்றிக் கேட்டவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். தப்பு பேயிடம் இல்லை, சில்வர் ஓக்கிடம்தான் என்றாள். மெத்தென்ற மரம், மஞ்சளையும் மீன் கவிச்சியையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, எடையும் இல்லை, கத்தி வைத்தால் நழுவுகிறது. கசாப்புக் கடைக்காரர்கள் வருஷக்கணக்கில் கத்தி போடுவது எந்தக் கட்டையில் என்று மரியஜோசப்பைச் சேலத்தில் விசாரிக்கச் சொன்னாள். அவன் அதே மரத்தில் ஒரு துண்டை இழைத்துக் கொண்டுவந்தான். புளியமரம்.

சாந்தாமேரி வாசலோடு நின்றாள். "புளியமரத்துல பேய் இருக்குமே கண்ணு."

"இருந்துட்டுப் போவட்டுங்க அண்ணி. நான் வெங்காயம் நறுக்கையில அதுவும் சேந்து அழுவட்டும்."

அந்தப் பலகையில் அவள் நின்றபடியே நறுக்குகிறாள். பூசணி எப்போதாவது வருகிறது, விருந்தாளியாக.

உங்களுக்கும் பலகை வேண்டுமென்றால்: கனமான, இழை நெருங்கிய மரமாகப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் வாங்குங்கள். நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி விரியுங்கள். காய்க்கு ஒரு பக்கம், மீனுக்கு மறுபக்கம். நறுக்கியதும் கழுவி, நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். சோடா பட்டுச் சிவந்தால் எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவுங்கள். மிச்சக் கறையை வெயில் பார்த்துக்கொள்ளும். செம்போடு யாராவது வந்தால், முதல் சொட்டை அவர் வேட்டியில் விட்டுப் பாருங்கள்.