உப்பளத்தில் கூப்பிட்ட குரல்

இருபத்துமூன்று வயதில் நான் ஐந்து தொழிலுக்குப் பாதிப் பாதி தயாராக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினி படித்தேன், தையல் படித்தேன், ஆங்கில டிப்ளோமா ஒன்று, முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி ஒன்று, கடைசியாகக் கேக்குக்கு ஐசிங் போடவும் படித்தேன். (நான் போட்ட ரோஜாப்பூவைப் பார்த்து மாமி ஒருவர், முட்டைக்கோஸ் என்று நினைத்து, "இது கோவாவா மகள்?" என்று கேட்டதோடு அது முடிந்தது.)

உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, டொக்டராகும் அளவுக்குப் புள்ளி வராத நாளிலிருந்தே இப்படித்தான். கற்பிட்டியில் எங்கள் தெருவில் எவர் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணியோடு ஒரு கேள்வியும் வரும். "இப்ப என்ன செய்ற?" "கோர்ஸ் ஒண்டு செய்றன்" என்பேன். நாலு வருஷமாக அதே பதில். எனக்குள் உண்மையிலேயே ஒன்றும் இல்லையோ என்று பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், கேட்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

வாப்பாவுக்கு பஸாரில் கருவாட்டுக் கடை. ஒருநாள் சாப்பிட்ட கையோடு சொன்னார்: "பெருநாளைக்குள்ள ஒரு முடிவெடு. இல்லாட்டி என்னோட கடையில வந்து இரி." எங்களுக்குச் சோறு போட்டதே கருவாடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுள் முழுக்கக் கட்டாக் கருவாட்டோடு முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது.

உம்மா வேறு வழி வைத்திருந்தார். "இஸ்திகாரா தொழு. அல்லா காட்டுவான்." முடிவெடுக்கத் தெரியாத காரியத்தில் நல்லதையே நாடித் தரும்படி கேட்கும் தொழுகை அது. கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். கனவு வந்தே தீரும் என்று யாரும் சொல்லவில்லை. கனவுக்குக் காத்திருப்பது எங்கள் வீட்டுச் சேர்மானம். நானும் காத்திருந்தேன். ஏழாம் நாள் ஒன்று வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை. ஆளில்லை, மரமில்லை. நடுவில் நான் மட்டும் நிற்கிறேன்.

"வெள்ளையெண்டா செத்தவங்களுக்குச் சுத்துற கபன் சீலதான்" என்றாள் என் ராத்தா. என்னை விட ஐந்து வயது மூத்தவள். என் மேல் அவ்வளவு பாசம்.

இரண்டே நாளில், எப்போதோ போட்ட விண்ணப்பத்துக்குக் கடிதம் வந்தது. பாலாவிக்கு அப்பால், களப்போரத்து உப்பளம் ஒன்றில் அலுவலக உதவியாளர் வேலை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு நேர்முகப் பரீட்சை. உப்பளம்! வெள்ளைத் தரை! உம்மா அழுதேவிட்டார். "ஜும்ஆத் தொழுகை நேரத்துல ஆரு இன்டர்வியூ வெக்கிற?" என்று வாப்பா மட்டும் கேட்டார். கடிதம் கொழும்பில் அடித்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

புறப்படும்போது உம்மா ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் தந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உச்சி நேரம். ஆளில்லாத எடம். பேரச் செல்லிக் கூப்பிட்டா ஒடனே ஓமெண்டு செல்லாத. மூணாந் தரமும் கூப்பிட்டாத்தான் மனிசன். ரெண்டோட நிண்டா அது வேற."

"வேற எண்டா?"

"வேறதான். அதுகளுக்கு உப்பெண்டா ஆகாது. பேக்குல கொஞ்சம் உப்பும் வெச்சிக்க."

"உப்பளத்துக்கா உம்மா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் ஒரு நிமிஷம் நீட்டி யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திராது.

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி முச்சக்கரவண்டி பிடித்தேன். ஓட்டி வந்தவர் பள்ளிவாசலுக்குப் பிந்துகிறது என்று என்னை வாசலில் இறக்கிவிட்டுப் பறந்தார். உள்ளே ஈ காக்கை இல்லை. காவலாளியின் கதிரை இருந்தது, கதிரைக்கடியில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது, பக்கத்தில் ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கோப்பையும் இருந்தது. காவலாளி இல்லை.

அலுவலகம், உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் மண் வரம்பின் மறுகோடியில் சின்னதாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வரம்போரமாகக் கிடுகு வேய்ந்த உப்புக் குவியல்கள், வாசலே வைக்காத வீடுகள் மாதிரி வரிசையாக நின்றன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. என் காலடியில் உப்பு நறநறவென்றது. நான் நின்றேன். நறநறப்பு எனக்குப் பிறகு ஒருதரம் கேட்டு, அப்புறம்தான் நின்றது.

என் செருப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நாலு எட்டு வைத்தேன்.

"ஹஸீனா."

குவியல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. சத்தமாக இல்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல, கேட்டுப் பழகிய குரல் போல இருந்தது. "ஓம்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். நேர்முகப் பரீட்சைக்காரர்கள் கூப்பிடுகிறார்களாக்கும் என்று படித்த மூளை சொன்னது. படித்த மூளையை அன்றைக்கு யார் மதித்தார்கள்!

"ஹஸீனா."

இது இரண்டு. மூன்றாவதற்காகக் காத்து நின்றேன். தண்ணீரில் சின்ன அலைகூட இல்லை. மூன்றாவது வரவேயில்லை.

அப்போதுதான் வரம்பின் கோடியிலிருந்து அது வந்தது. உச்சி முதல் வெள்ளை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி, துணிக்குள் இரண்டு கண். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை, கானலில் மிதந்துகொண்டு வந்தது. ஒரு சொல் பேசாமல் கையை உயர்த்தி வா, வா என்றது.

காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினேன். நாலு வயதிலிருந்து தெரிந்தது, பாதியில் தடுமாறிப் போயிற்று. மறுபடி தொடங்கினேன். அது கிட்ட வந்தது. குனிந்து, காலடியில் கிடந்த உப்பை இரண்டு கையாலும் அள்ளி, முகத்துக்கு நேரே வீசினேன். உப்புக்குப் பயந்த ஒன்று உப்பளத்தில் எதற்குக் குடியிருக்கப் போகிறது என்ற கேள்வி, உப்பு என் கையை விட்டுப் போன பிறகே எனக்குத் தோன்றியது.

"ஐயோ அம்மே! மகே எஸ்! கண்ணு! கண்ணு!"

அதுகள் சிங்களத்தில் அழும் என்று உம்மா சொல்லித்தரவில்லை.

துணியை இழுத்துக் கழற்றியதும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தெரிந்தார். உப்பளத்து மனேஜர். சிலாபத்துக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் முகத்தைச் சுடாமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார். கால்கள் இரண்டும் இருந்தன, சப்பாத்தோடு.

எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் கை மட்டும் தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. அவரை வரம்பில் இருத்தி, தலையைச் சாய்த்து, உம்மாவின் போத்தலைத் திறந்தேன்.

"கசக்காதீங்க மிஸ். மேல பாருங்க. இமைய நான் புடிச்சிக்கிறன். இப்ப இந்தப் பக்கம். எரியும், கொஞ்சம் பொறுங்க."

போத்தல் முழுக்க முடியும்வரை கழுவினேன். உப்புக் கல் ஒன்று இமைக்கடியில் ஒட்டியிருந்தது. தாவணியின் ஓரத்தை நனைத்து அதையும் எடுத்தேன். அவர் சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நீங்க நர்ஸா?"

"இல்ல மிஸ்."

"பின்ன என்ன?"

"அதுதான் மிஸ் எனக்குத் தெரியாது" என்றேன். சொன்னதும் உடைந்து அழுதேன். நாலு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. ஐந்து கோர்ஸையும், கருவாட்டுக் கடையையும், கனவையும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். அவர் தன் துணியையே எனக்குத் துடைக்கத் தந்தார்.

"நீங்க ரெண்டு தரம் கூப்பிட்டுட்டு விட்டுட்டீங்க மிஸ். அதுலதான் பயந்துட்டன்."

"ஆர், நானா?" அவர் துடைப்பதை நிறுத்தினார். "நான் கூப்பிடல்ல. பேர் லிஸ்ட் கிளார்க்கிட்ட இரிக்கி, அவர் பள்ளிக்குப் போயிட்டார். உங்கட பேர் என்னண்டே எனக்குத் தெரியாது. இங்க இப்ப நம்ம ரெண்டு பேர்தான் தங்கச்சி."

இருவரும் உப்புக் குவியல்களைப் பார்த்தோம். பிறகு, கொஞ்சம் வேகமாகவே அலுவலகத்துக்கு நடந்தோம்.

வேலை கிடைக்கவில்லை. (கிடைத்திருந்தால் அந்த நிர்வாகத்தின் மேல் எனக்கே மரியாதை போயிருக்கும்.) ஆனால் வெளிக்கிடும்போது அவர் சொன்னார்: "இந்த வேலை உங்களுக்குச் சரிவராது. மத்த எல்லாம் நடுங்கிச்சி, கை மட்டும் நடுங்கல்ல. அதப் பத்தி யோசிங்க." பஸ்ஸில் கற்பிட்டி வரும் வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெருநாளைக்கு முன்னமே வாப்பாவிடம் முடிவைச் சொன்னேன். அடுத்த தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன், எடுபட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் கண் நோயாளர் விடுதியில் வேலை செய்கிறேன்.

குடும்பத்தில் எந்தக் கலியாணம், எந்தப் பெருநாள் என்றாலும் ராத்தா இதை எடுத்துவிடுவாள். "எல்லாரும் கண்ணுல மண்ணத் தூவித்தான் வேலை எடுப்பாங்க. எங்கட வீட்டு மகாராணி உப்பத் தூவி எடுத்தவ!" ஒவ்வொரு தடவையும் வீடே உருண்டு சிரிக்கும். வாப்பாவுக்குப் புரையேறும்.

உம்மா மட்டும் சிரிக்க மாட்டார். எல்லோரும் ஓய்ந்த பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து கேட்பார்: "செல்லு மகள், அது ஆம்புளக் கொரலா, பொம்புளக் கொரலா?"

"காத்து உம்மா" என்றுவிடுவேன். அது என்னுடைய குரல்தான் என்று உம்மாவிடம் எப்படிச் சொல்வது?