தோடாப் பெரும்போர்

அருகே வாருங்கள், என் கண்மணிகளே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சென்ற பேருந்தில் மூண்ட பெரும்போரைச் சொல்கிறேன்.

வாழ்க அரசப்பன்! உப்பளச் செம்மல், வெண்குவைக் காவலன், விடியல் முதல் உவர்நீரில் நின்று வெடித்த பாதங்களை ஊன்றி, முண்டியடித்த முப்படையையும் முழங்கையால் பிளந்து, மூவர் இருக்கையின் நடுவிடத்தைக் கைப்பற்றிய மாவீரன்! அவன் இடப்பக்கம் சன்னலோரத்தில் ஜவுளிக்கடை பஷீர் அஹமது. வலப்பக்கம், அவன் மகள் வீட்டுக்குப் போகும் கருவாட்டுக்கூடை என்னும் நாற்றமதில் சூழ்ந்த கோட்டை.

இரண்டாயிரத்தைந்தாம் ஆண்டு அது. கடற்கரைச் சாலையெங்கும் விடுதிகள் எழும்ப, அவற்றுக்குத் தரைக்கல் பதிக்க ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த சுக்தேவ், கல்லறுக்கும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து தள்ளாடியவன், கூடையைக் கண்டான்; குனிந்தான்; அச்சொல்லை உதிர்த்தான்.

"தோடா... தோடா, பாயி."

அந்தோ! வீம்பு பேசுபவன் மூக்கையறுக்க நம் ஊர்ப்பக்கத்தில் வீசும் ஏளனக்கணை அல்லவா அது! புயற்கடலெனப் பொங்கினான் அரசப்பன்.

"டேய், யாரைப் பாத்து தோடாங்கிற? விடிஞ்சதுலேருந்து உப்பு வாரிட்டு வந்து குந்துனா நக்கலா?"

"தோடா, ப்ளீஸ்."

"பாத்தீங்களா, மறுபடியும் சொல்றான்!"

பேருந்து ஆர்ப்பரித்தது. நடத்துநர் தட்சணாமூர்த்தி போர்ச்சங்கென விசிலை ஊத, உப்பளங்களின் நடுவே, தலைக்குமேல் தழலாய்க் காய்ந்த வெயிலில் வண்டி நின்றது.

"ஏம்பா, எறங்கு! பெரியவரக் கிண்டல் பண்றவனுக்கு இங்க எடமில்ல."

ஒன்றும் விளங்காத சுக்தேவ் படியை நோக்கி நகர்ந்தான். அப்போது எழுந்தார் பஷீர், துபாயில் இந்தி கற்ற தூதர்பிரான்.

"இருப்பா கண்டக்டரு! அரசப்பா, அவுங்க பாஷையில தோடான்னா கொஞ்சம். கூடையக் கொஞ்சம் நவுத்தச் சொல்றான், அவ்ளோதான்."

அரசப்பன் செருமினான்.

"அதக் கொஞ்சம்னே சொல்லித் தொலைக்கிறதுதானே, பாய்?"

கோட்டை மடியேறியது. "வா, குந்து. இங்க தோடான்னா வேற," என்று புருவத்தை ஏற்றி, உதட்டைச் சுழித்து, கழுத்தை வெட்டி, அச்சொல்லின் உள்ளூர்ப் பிரயோகம் முழுவதையும் பகைவனுக்கு உபதேசித்தருளினான் மாவீரன்.

காலாப்பட்டில், அசையும் குன்றமென ஏறிய ஒருவர் நான்காவதாக நுழைய முயன்றார்.

"தோடா நவுருப்பா, அவரும் குந்தட்டும்," என்றான் அரசப்பன்.

சுக்தேவோ, வந்த குன்றத்தை அடிமுதல் முடிவரை அளந்து, புருவமேற்றி, உதடு சுழித்து, பிசிறற்ற மரக்காணத் தமிழில் முழங்கினான்:

"தோடா!"

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கட்டும்.