இருமலையும் விடாத கூட்டக் குறிப்பு

பூமி தோன்றிய நாள்முதல் ஒருவர் மனமும் புண்படாத ஒரே இடம் அந்த மூன்றாம் மாடி அலுவலகம்தான். வழிதவறி உள்ளே வந்த ஈகூட வாயெல்லாம் பல்லாகத்தான் வெளியேறும்.

அப்பேர்ப்பட்ட இடத்தில் சுருக்கெழுத்துக்காரி ஒரு புகார் கொடுத்துவிட்டாள். தாத்தா காலத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம். கறுப்பு நிறம், சுருட்டை முடி. ஒன்பது வருடமாகத் தனக்குத் தினமும் 'நகைச்சுவை' வழங்கப்படுகிறதாம், தனக்குச் சிரிப்பு வரவில்லையாம். வரவேற்பு மேசைப் பதவி உயர்வு அவளுக்கு வர வேண்டிய நேரம். புகார் பொய்யென்று முடிவானால் அதுவும் போச்சு.

"நம்ம ஆபீஸ்லயா? சான்ஸே இல்ல" என்றார் மேலாளர். நம்பாவிட்டாலும் முறைப்படி விசாரணைக் குழு அமைத்தார். அவர் தலைவர், மனிதவள அதிகாரியும் கிடங்குப் பொறுப்பாளரும் உறுப்பினர்கள். அலுவலகத்தில் சுருக்கெழுத்து தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், புகார்காரியே குறிப்பெடுக்க வந்து உட்கார்ந்தாள்.

மேலாளரின் சட்டம் கறாரானது. பேசியதில் ஓர் இருமலையும் விடக் கூடாது. கூட்டம் கலையுமுன் படித்துக் காட்ட வேண்டும். கீழே தலைவர் "நடந்தது" என்று எழுதாவிட்டால் கூட்டமே செல்லாது.

"லைட்டப் போடுங்கப்பா, அம்மா எங்க இருக்காங்கன்னே தெரியல" என்று கிடங்குப் பொறுப்பாளர் அவையைத் தொடங்கிவைத்தார். அவை சிரித்தது. பென்சில் நகர்ந்தது.

"சும்மா தமாஷும்மா" என்று மனிதவள அதிகாரி பரிவு காட்டினார். "உங்க சொந்த ஊர் எது?"

"பக்கத்துத் தெரு சார்."

"அது இல்லம்மா, நிஜமான ஊரு."

"நிஜமாவே பக்கத்துத் தெருதான் சார்."

"பாருங்க, நம்ம பாஷைய என்ன அழகா பேசறாங்க" என்று அதிகாரி உருகினார். அவருடைய கடிதங்களில் ஒன்பது வருடமாகப் பிழை திருத்துபவள் அவள்தான்.

"வரவேற்பு மேசைக்கு ஆசைப்படறது தப்பில்ல" என்றார் மேலாளர். "வர்றவங்க பயந்துடக் கூடாதில்ல?"

கிடங்குப் பொறுப்பாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: இவ்வலுவலகத்தில் நிறத்தையோ பிறப்பையோ வைத்து எவரும் எவரையும் கேலி செய்வதில்லை, புகார் பொய்.

அவள் எழுந்து படித்தாள். ஆண்டறிக்கை வாசிக்கும் குரல். சிரித்த இடங்களில் 'சிரிப்பு' என்றே படித்தாள். இரண்டாவது சிரிப்பில் மனிதவள அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலாளர் கனைத்தார். "கொஞ்சம் வெட்டிடலாமேம்மா."

"வெட்டினா கூட்டம் செல்லாது சார். புகார் பொய்ங்கற தீர்மானமும் செல்லாது."

"வெட்டாம 'நடந்தது'ன்னு எழுதினா?"

"புகாருக்கு நீங்களே சாட்சி சார்."

"எழுதலைன்னா?"

"நாளைக்கு மறுபடி கூடணும் சார். நோட்டுல இன்னும் நூறு பக்கம் இருக்கு."

கிடங்குப் பொறுப்பாளர் ஏதோ சொல்ல ஆசையாக வாயைத் திறந்தார். அவள் பென்சிலை எடுத்தாள். மேலாளர் பாய்ந்து ஒரு கையால் அவர் வாயைப் பொத்தி, மறு கையால் குறிப்பின் அடியில் எழுதினார்: நடந்தது.