கத்திப் பார்த்து வைத்த பெயர்

பெயர் வைப்பதில் தெலெஸ்கோபியோ மேரோவை மிஞ்ச மனபிக் கடற்கரையிலேயே ஆள் கிடையாது. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவருடைய அப்பா ஒருநாள் துறைமுகத்தில் ஒரு கப்பலைப் பார்த்தார். மாலுமி ஒருவன் பித்தளைக் குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்துக் கரையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான். அது என்ன என்று கேட்டார். பெயரைச் சொன்னார்கள். அந்த ஓசையில் சொக்கிப்போன மனுஷன், அந்த வாரமே பிறந்த பிள்ளைக்குத் தொலைநோக்கி என்று பெயர் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். தெலெஸ்கோபியோ என்றால் அதுதான் அர்த்தம்.

அவர் ஊரான புவெர்த்தோ மான்சோவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ரேடியோவில் ஒரு வார்த்தை இனிமையாகக் காதில் விழுந்தால் போதும், அடுத்துப் பிறக்கிற பிள்ளை தலையில் அது இறங்கிவிடும். கார்மென், பிளாங்கா போன்ற சாதுவான பெயரெல்லாம் படகுக்கும் ஆட்டுக்கும்தான்.

இப்படிப்பட்ட ஊரில் தெலெஸ்கோபியோவுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். அன்றைக்கே மீன் சந்தையில் நின்று மார்தட்டினார்.

"எம்மக பேரைக் கேட்டா குவாயாகில் பட்டணம் வரைக்கும் அதிரணும்! அதே பேருல இந்த ஊர்ல ஒரு ஈ காக்கா கூட இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா எம்பேரை மாத்திக்கிறேன்!"

வீட்டில் அவர் மனைவி மியா தொட்டில் பக்கத்துப் படுக்கையில் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது, கோழிச்சாறுதான் குடிக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சாறு கொண்டுவந்தார்கள்.

"ஏங்க, ஒரே ஒரு ஆசை. புள்ளைக்குச் சாதாரணமா ஒரு பேரு வைங்களேன்."

"சாதாரணமாவா? நம்ம வீட்லயா? ஏய், உம்பேரு என்ன சாதாரணப் பேரா? எவ்வளவு கம்பீரமான பேரு!"

மியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மியா என்பது சுருக்கம். முழுப்பெயர் எபிதேமியா. ரேடியோவில் ஒரு டாக்டர் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அடடா, என்ன அழகான ஓசை என்று அவளுடைய அப்பா மயங்கிவிட்டார். எபிதேமியா என்றால் கொள்ளைநோய் என்று யாரோ சொல்வதற்குள் பெயரைப் பதிந்தாகிவிட்டது.

"போன மாசம் ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு? நர்ஸம்மா கதவைத் திறந்து 'எபிதேமியா!'ன்னு கத்துனாங்க. உக்காந்திருந்த அத்தனை பேரும் புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்களா இல்லையா? ஒரு பெரியவர் ஊன்றுகோலைப் போட்டுட்டு ஓடுனாரு."

"கால் குணமாயிடுச்சுல்ல? வேற யார் பேருக்கு அந்தச் சக்தி இருக்கு?"

மியா சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல ஒருத்தியும் உக்காந்ததில்லைங்க. எம்புள்ள பேரைச் சொன்னா யாரும் ஓடக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது. அம்புட்டுதான் கேக்குறேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெலெஸ்கோபியோவுக்கு ஐயோ பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பரம்பரைப் பெருமையைக் கடலில் கொட்ட முடியுமா?

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். பெயர் என்பது வாயால் கூப்பிடுவதற்கு. ஆகவே கூப்பிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊர் எல்லையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்குப் போனார். யாரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார். கடலைப் பார்த்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கலாக்ஸியா!" என்று கூவினார். அதாவது நட்சத்திரக் கூட்டம். உடம்பெல்லாம் புல்லரித்தது. 'கலாக்ஸியா, சாப்பிட வா!' பிரமாதம்! மகாராணி சாப்பிட வருகிற மாதிரி இல்லை?

மறுநாள் காலை பக்கத்து வீட்டு லோத்தெரியா வேலியோரமாக நின்று ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு லாட்டரி என்று அர்த்தம். என்ன பரிசு விழுந்தது என்று கேட்காத ஆள் ஊரில் பாக்கி இல்லை.

"ஏ கலாக்ஸியா! சனியனே! துணியைத் திங்காதே!"

தெலெஸ்கோபியோவின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

"அக்கா, ஆட்டுக்கு என்ன பேரு சொன்னீங்க?"

"கலாக்ஸியா. நல்லா இருக்குல்ல தம்பி? பிளாங்கா பிளாங்கான்னு கூப்பிட்டு அலுத்துப்போச்சு."

வெள்ளாட்டுக்கும் மகளுக்கும் ஒரே பெயரா? போகட்டும் என்று விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் பாறையில் "துர்பினா!" என்று கத்தினார். பெரிய கப்பல்களைத் தள்ளுகிற சுழல் எந்திரம். சொல்லும்போதே நாக்கில் மோட்டார் ஓடுகிற பெயர். மறுநாள் கரைக்கு வந்தால், லோத்தெரியாவின் புருஷன் தன் படகில் 'கார்மென்' என்பதை அழித்துவிட்டு, ஈரப் பெயின்டில் 'துர்பினா' என்று எழுதிக்கொண்டிருக்கிறான்.

"ஏன்யா மாத்தினே?"

"மாத்தணும்னு தோணுச்சு" என்றான் அவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அதற்கு மேல் பேசவில்லை.

மூன்றாவதாக 'ஒலிம்பியாதா' என்று கத்தினார். தங்கப் பதக்கமே கழுத்தில் விழுந்த மாதிரி இருந்தது. மறுநாள் கடற்கரை முக்கில் வேர்க்கடலை அரைத்துப் போட்டு மீன் குழம்பு விற்கிற கடையில் புதுப் பலகை. 'ஒலிம்பியாதா உணவகம். பொரித்த வாழைக்காய் உண்டு.'

தெலெஸ்கோபியோ நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கே இப்படியா புத்தி கூர்மையாகும்? தான் யோசிக்கிற உயரத்துக்கு இந்த ஊர் வளர்ந்துவிட்டதே என்று ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மகள் இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறாள். சந்தையில் விட்ட சவால் வேறு. மீன்காரர்கள் பார்க்கும்போதெல்லாம், "என்ன தெலெஸ்கோபியோ, பேரு அகப்பட்டுச்சா? இல்ல உம்பேரை மாத்தப் போறியா?" என்று விசாரித்தார்கள்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். உள்ளே மியாவும் லோத்தெரியாவும் பேசுவது கேட்டது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தலைநகரம் கீத்தோவுல இருக்கிற எங்க சித்தி சொல்லி அனுப்பியிருக்கா அக்கா. புள்ளைக்கு ரோசான்னு வைக்கணுமாம்."

"ரோசாவா? அடக் கடவுளே! அப்படி ஒரு பேரு உண்டாடி?"

"எனக்கே திக்குன்னுச்சு. இந்த ஊர்ல எந்த வீட்லயாவது கேட்டிருக்கியா?"

"பொறந்ததுலேருந்து கேட்டதில்லை. என்னா துணிச்சல் உங்க சித்திக்கு! உம்புருஷன் காதுல மட்டும் போட்டுடாதே."

தெலெஸ்கோபியோவின் காதுதான் வாசலிலேயே இருந்ததே! ஊரை மனசுக்குள் வீடு வீடாக நடந்து பார்த்தார். சினெமாஸ்கோபா இருக்கிறாள். விளம்பரம் என்று அர்த்தப்படும் ப்ரோபகாந்தா இருக்கிறாள். ஆச்சரியக்குறி என்று அர்த்தப்படும் அட்மிராசியோன் இரண்டு பேர் இருக்கிறார்கள். ரோசா? ஒருத்தி கூட இல்லை!

பாறைக்கு ஓடினார். "ரோசா!" என்றார். சின்னப் பெயர்தான். ஆனால் என்ன குளுமை! இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். குட்டிப் பெண் ஒருத்தி நிஜமாகவே மணலில் ஓடிவருகிற மாதிரி இருந்தது.

விடிந்ததும் முதல் வேலையாக ஊரைச் சுற்றினார். ஆடு எல்லாம் நேற்றைய பெயரில். படகு எல்லாம் அப்படியே. ஒரு கோழிக்குக்கூட ரோசா என்று பெயர் இல்லை. யாரும் தொடாத புத்தம்புதுப் பெயர்! வீட்டுக்கு வந்து தொட்டில் முன்னால் விறைப்பாக நின்றார்.

"மியா, முடிவு பண்ணிட்டேன். ரோசா."

"ஐயையோ!" மியா நெஞ்சில் கைவைத்தாள். "நான் சாதாரணமா ஒரு பேரு கேட்டா, நீங்க ஊர்லயே இல்லாத பேரா கொண்டுவருவீங்க? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு சொல்றதுக்குத்தான் பேரு!"

"வேணாங்க. கால்ல வேணா விழறேன். கலாக்ஸியான்னே வெச்சுடுங்க."

"ஆட்டுப் பேரையா? நான் சொன்னா சொன்னதுதான். இந்த வீட்ல ஆம்பளை நானா நீயா?"

மியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "அழாதே, பழகிடும்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே குமாஸ்தாவின் பெயர் செமாஃபோரோ. போக்குவரத்து விளக்கு. பெயருக்கேற்ற மாதிரி எல்லோரையும் நிறுத்தித்தான் அனுப்புவார்.

"ரோசாவா? ரோசா... அப்புறம்?"

"ரோசா. அவ்வளவுதான்."

செமாஃபோரோ கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இந்த ஊர்லேருந்து இப்படி ஒரு பேரு வந்ததில்லை சார். பொண்ணு வளந்து உங்களைத் திட்டும். நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு. நானே கண்டுபிடிச்சது."

"ஆளு தைரியசாலிதான்" என்று எழுந்து கைகொடுத்தார் செமாஃபோரோ. தெலெஸ்கோபியோவுக்கு நெஞ்சு புடைத்துச் சட்டைப் பித்தான் ஒன்று போயே போய்விட்டது.

மகளை மார்போடு சாய்த்துக்கொண்டு ராஜநடை போட்டுத் திரும்பினார். முக்குக் கடையில் பழைய பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் லோத்தெரியாவின் புருஷன் 'துர்பினா'வைச் சுரண்டிவிட்டு 'கார்மென்' எழுதிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். வேலியோரம் லோத்தெரியா குரல் கொடுத்தாள்.

"ஏ பிளாங்கா! வா இப்படி!"

"கலாக்ஸியா என்ன ஆச்சு அக்கா?"

"பதிவு முடிஞ்சிருச்சுல்ல தம்பி? அது வரைக்கும்தானே உம்பொண்டாட்டி கேட்டா."

தெலெஸ்கோபியோ கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. பிறகு மெதுவாக வீட்டுக்குள் போய்க் குழந்தையை மியாவிடம் கொடுத்தார். அவள் வாங்கி, அதன் காதில் "ரோசா" என்றாள். இன்னொரு தடவை "ரோசா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. இது நிஜக் கண்ணீர் என்று அவருக்கே தெரிந்தது.

"நான் பாறையில கத்துனது உனக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலக் காத்து கடல்லேருந்து நம்ம அடுப்படிக்குத்தானேங்க வருது. கடல்ல பொழைக்கிறவரு, உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். ஆனால் ஞாபகம் வரவில்லை. என்ன ஆனாலும் ஊரில் ஒரே ஒரு ரோசா தன் மகள்தான் என்று நினைத்துக்கொண்டதும் முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"போகட்டும். அடுத்தது ஆம்பளைப் புள்ளை. அதுக்கு நான்தான் பேரு வைப்பேன். நான் மட்டும்தான்!"

"தாராளமா. அவன் பேரு ஹுவான், ரொம்பச் சாதாரணப் பேரு. நீங்க அதை எப்பக் கண்டுபிடிக்கப் போறீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, கடைக்காரர் பெயின்ட் வாங்கணுமாம்."