“லிங்க் அனுப்பினேனே, பாத்தீங்களா?”

லிங்க்காரரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஊருக்கு ஒருவர் நிச்சயம். ஓடென்ஸே நகர ஓரத்தில் இருக்கும் எங்கள் தோட்டக் குடியிருப்புக்கு வாய்த்தவர் ஃப்ளெமிங். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், தங்கமான மனிதர். அதுதான் சிக்கல். மனம் விட்டுத் திட்டக்கூட முடியாது.

முள்ளங்கி முளைத்தால் படம், மழை வந்தால் படம், நின்றால் படம், மீன் வைத்த கறுப்பு ரொட்டியைக் கடிப்பதற்கு முன் ஒன்று, கடித்த பின் ஒன்று என்று எடுத்துத் தள்ளி, கண் மூடியிருப்பது, தலை வெட்டுப்பட்டது எதையும் கழிக்க மனமில்லாமல் அத்தனையையும் ஒரு படத் தளத்தில் ஏற்றி, ‘ஞாயிறு’, ‘மறுபடியும் ஞாயிறு’ என்று ஆல்பங்களுக்குப் பெயர் சூட்டி, லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் நம் வேலியோரம் வந்து நிற்பார்.

“பாத்தீங்களா?”

இல்லை என்றால் அங்கேயே போனை நீட்டுவார். பார்த்தேன் என்றால், “எது பிடிச்சுது?” என்பார். தப்பிக்க வழி உண்டா?

இப்படித்தான் இந்தக் கோடை விழாவின் தீ மூட்டலும் ஆல்பமாக வந்தது. ஒரு படத்தில் நெருப்புக்குப் பின்னால் ஏகொன் நிற்கிறார். மனைவியை இழந்து தனியாக இருக்கும் பேக்கரிக்காரர். அவர் கை, எதிர்த் தோட்டத்துப் பெண்மணி யூட்டேயின் கைக்குள் இருக்கிறது. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இந்தச் சங்கதி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோபன்ஹேகனில் இருக்கும் ஏகொனின் மகள் சிக்னேவுக்கும் தெரியாது. அவளுக்கும் லிங்க் போயிருந்தது.

ஏகொன் காலையிலேயே வந்துவிட்டார்.

“யோவ், யாரக் கேட்டுய்யா அதப் போட்ட?”

“நான் நெருப்பத்தான்யா எடுத்தேன். பின்னால நீங்க நின்னத நான் எங்க கவனிச்சேன்?”

“சிக்னேகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மாசக்கணக்கா வார்த்த தேடிக்கிட்டிருந்தேன். அம்மா போனதுலேருந்து அவ இந்தத் தோட்டத்துப் பக்கமே வரல. இப்போ உன் லிங்க்கப் பாத்துட்டு என் போனையே எடுக்க மாட்டேங்கிறா.”

ஃப்ளெமிங்கின் முகம் செத்துப்போயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படத்தை அழித்தார். நாங்கள் விடுவோமா? எங்கள் சங்கத் தலைவி போடில், அடுத்தவர் அந்தரங்கம் என்றால் என்ன என்று காபி ஆறும்வரை பேசினார். நாங்கள் தலையாட்டினோம். அதன்பின் ஸ்ட்ராபெர்ரி பழுத்தது, படம் இல்லை. ஃப்ளெமிங் பையில் கைவிட்டபடி நடந்தார். வேலியோரம் யாரும் வரவில்லை. அமைதியாக இருந்தது. அளவுக்கு மீறிய அமைதி.

சனிக்கிழமை சிக்னே வந்தாள், கையில் கேக்கோடு. ஏகொன் தோட்டத்து வாசலில் கைகட்டி நின்றார். சுற்றியிருந்த நாங்கள் எல்லாரும், என்ன ஆச்சரியம், ஒரே நேரத்தில் வேலியோரம் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

“அப்பா, அந்தப் படத்துல மாதிரி நீங்க சிரிச்சு எத்தன நாளாச்சு! பாத்ததும் அழுகை வந்துடுச்சு. பேசினா குரல் உடஞ்சிடும்னுதான் போன் எடுக்கல.” யூட்டேயையும் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, “ஃப்ளெமிங், அந்தப் படத்தப் பெருசாப் போட்டு வீட்ல மாட்டணும். லிங்க் ஏன் திறக்க மாட்டேங்குது?”

“அழிச்சுட்டேம்மா. குப்பைத்தொட்டியையும் சேத்துக் காலி பண்ணிட்டேன்.”

ஏகொன் சீறினார். “யோவ், யாரக் கேட்டுய்யா அழிச்ச?”

அப்போது போடில் மெல்லக் கனைத்தார். “வந்து… தற்செயலா என் போன்ல ஒரு பிரதி தங்கியிருக்கு.” அடுத்த வேலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அதற்கடுத்த வேலியிலும். என்னிடமும் இருந்தது. ஆனால் நான் கைகளை மட்டும் பெரிதாக்கி வெட்டி வைத்திருந்ததால் அது மாட்ட உதவவில்லை.

கேக் தீர்வதற்குள் ஃப்ளெமிங் பழையபடி படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். நல்லவேளை.

நீங்கள் அவர் மாதிரி இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் போடுவது ஊரறியப் போடுவது. நீங்களோ வந்த படத்தைச் சத்தமில்லாமல் சேமித்து, விரல்களால் விரித்துப் பார்த்து, மைத்துனிக்கு மட்டும் அனுப்பி, ‘யார்கிட்டயும் காட்டாதே’ என்று அடியில் எழுதுகிற நாகரிகமானவர். அப்படியெல்லாம் இல்லையா? சரி, அந்தப் போனைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், பார்ப்போம்.